மாடிக்குக் கேட்காத பாட்டு

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. தக்கலையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். பள்ளிக்கூடத்தோடு விட்ட பாட்டைப் போன வருடம் மறுபடி தொடங்கினேன். இப்போது அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சி நடக்கிறது. மாடியில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் சத்தம் மேலே போகுமே என்று இயர்போன் மாட்டிக்கொண்டு, செல்போனில் தம்புராவைப் போட்டு, மெல்லப் பாடிப் பழகுகிறேன். வகுப்பில் டீச்சர் "வாயைத் திறந்து பாடு" என்கிறார். திறந்தால் தொண்டை வலிக்கிறது. டெசிபல் காட்டும் ஆப் ஒன்றில் பார்த்தேன். வீட்டில் 58, வகுப்பில் 80. பாடிப் பழகும் சாதகத்துக்குச் சரியான அளவு எத்தனை? மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால் உதவுமா?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

பாலைக் குடியுங்கள், ருசியாக இருக்கும். ஆனால் தொண்டைக்குள் குரலை எழுப்பும் குரல்நாண் மேல் அதில் ஒரு சொட்டும் படாது. பட்டிருந்தால் புரையேறி இருமியிருப்பீர்கள். ஆப்பை அழித்துவிடுங்கள். செல்போனை ஒரு முழம் தள்ளி வைத்தால் ஒரு எண் வரும், இரண்டு முழம் தள்ளினால் வேறு எண். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். உங்கள் 58-ம் 80-ம் எத்தனை முழத்துக் கணக்கு என்று நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது வேறொரு வரி. "இதுவரை ஒன்றும் சொன்னதில்லை." அந்த அம்மா வாயே திறக்கவில்லை. நீங்களாகவே அவர் சொல்லப்போவதைக் கற்பனை செய்து, அதற்கு முன்னாலேயே வாயை மூடிக்கொண்டீர்கள். பெண்பிள்ளை சத்தம் வாசல் தாண்டப்பிடாது என்று யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நீங்கள் இன்னும் அவர்களுக்குக் கேட்காமல் பாடிக்கொண்டிருக்கிறீர்கள். என்ன மக்களே இது?

போன வாரம் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கோயில் கொடைக்குப் போயிருந்தேன். வில்லுப்பாட்டு. பாடிய பெண்ணுக்கு நல்ல சாரீரம். ஆனால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். குடத்துக்கு ஒரு மைக், உடுக்கைக்கு ஒரு மைக். அதெல்லாம் கூடக் கூட அந்தப் பெண்ணும் கூட்டினாள். அவள் கூட்டினாள் என்று மைக்செட்காரர் எல்லாவற்றையும் கூட்டினார். பன்னிரண்டு மணிக்கு அவளுக்குக் குரல் பிளந்துவிட்டது. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் பிழை அதில் ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

நான் பாட்டுப் படித்தது எங்கள் ஊர் ஆசானிடம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. விடியற்காலையில் ஆசான் குளத்தின் மறுகரையில் இறங்கிக் குளிப்பார், நான் இக்கரையில் நின்று பாட வேண்டும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அவர் கரையிலிருந்து என் கரைக்கு அடிக்கும். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவேன். ஒருநாள் ஈரத்துவர்த்தோடு கரையைச் சுற்றி வந்து எதிரில் நின்றார். "லேய், காத்துகூட எதுக்குலே மல்லுக்கு நிக்கே? அது அடங்கின பொறவு பாடு."

அதே ஆசான் மத்தியானம் வேறு ஆள். மகளுடைய கைக்குழந்தை நடு அறையில் சேலைத்தொட்டிலில் தூங்கும். என்னைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் திண்ணையில் போய் வெற்றிலை இடிப்பார். பிள்ளை முழிக்கப்பிடாது. ஆனால் அந்த டொக் டொக்குக்கு இடையில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக அவருக்குக் கேட்கணும். முதல் நாள் நான் உங்களைப்போலத்தான் பாடினேன், காற்றை மட்டும் விட்டு. உள்ளே எட்டிப் பார்த்தார். "இது பாட்டில்லலே, பெருமூச்சு." மெதுவான விளம்ப காலத்தில், ஆதிதாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை, ஷட்ஜம் என்கிற 'ஸ'வை ஒரே மூச்சில் பிடித்து நிற்கச் சொன்னார். ஐந்தாவது எண்ணிக்கையில் மூச்சு தீர்ந்தது. பானையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் எத்தனை நேரம் நிற்கும்? குரல்நாண்கள் சரியாகச் சேராமல் பாடினால் காற்று சும்மா ஒழுகிப் போய்விடும்.

எத்தனையோ நாள் கழித்து ஒரு மத்தியானம் அது பிடிபட்டது. சத்தம் கூடவில்லை. மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம், மூக்குத்தண்டில் லேசான அதிர்வு, அவ்வளவுதான். எட்டு எண்ணிக்கையும் நின்றது. திண்ணையில் வெற்றிலை இடிப்பது நின்றுபோனது. தொட்டிலில் பிள்ளை ஒரு தடவை புரண்டு மறுபடி தூங்கியது. அந்தப் பிள்ளை இன்று மஸ்கட்டில் பெரிய வேலையில் இருக்கிறான். கச்சேரிக்குக் கூப்பிட்டால் பத்தாவது நிமிஷம் கண் சொக்குகிறது, நீங்கள் செய்த வேலைதான் என்கிறான்.

இதில் நம் மொழியே செய்திருக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். கீழ், நடு, மேல் என்ற மூன்று ஸ்தாயிகளுக்குத் தமிழில் பெயர் மெலிவு, சமன், வலிவு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலேயே வருகிறது. மேலே போவது வலிவு, கீழே வருவது மெலிவு. அழகான பெயர்கள்தான். ஆனால் பிடித்துக்கொண்டோம் பாருங்கள், மேலே போகிறதென்றால் பலத்தைக் காட்டு, கீழே வருகிறதென்றால் காணாமல் போ என்று. "சத்தமாப் பாடு" என்றால் ஏற்றிப் பாடுகிறோம். "ஏத்திப் பாடு" என்றால் கத்துகிறோம். சுருதி வேறு, சத்தம் வேறு. ஐந்து கட்டைச் சுருதியில் ஆதார ஷட்ஜம் பிடித்தால் உங்கள் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 196 முறை மோதிப் பிரிகின்றன. மேல் ஷட்ஜத்தில் 392. ஏற்கெனவே இரண்டு மடங்கு வேலை. அதன்மேல் பலத்தையும் போட்டு அடித்தால் அந்தச் சின்னத் தசை என்ன செய்யும்? ஆசான் தலைகீழாகச் சொல்லுவார்: "மேல போம்போ சன்னம், கீழ வரும்போ கனம்." ஸ்வரம் இறங்கிவரும் அவரோகணத்தில் நான் குரலை விழவிட்டால் தொடையில் ஒரு தட்டு விழும். மேல் ஷட்ஜத்தில் கத்தினால் இரண்டு. மந்திரம் என்கிற கீழ் ஸ்தாயியில் பஞ்சமம் வரை இறங்கி, அங்கேயும் சொல் தெளிவாக நிற்கும்வரை அவர் என்னை மேலே ஏறவே விடவில்லை. ஒரு வருடம் அப்படியே போயிற்று. வீட்டில் எல்லோரும் பையனுக்குச் சாரீரம் இல்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அத்தனையும் படித்த நான்தான் 22 வயதில் ஒரு திருவிழாவில், தகரக்கூரையில் கொட்டுகிற மழைக்கு மேலே ஒன்றரை மணிக்கூர் பாடினேன். மறுநாள் குரலே இல்லை. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, வீங்கிச் சிவந்திருக்கிறது, மூன்று வாரம் பேசாதே, கிசுகிசுக்கவும் செய்யாதே, அதுவும் தொண்டையை இறுக்கும் என்றார். சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு கிடந்தேன். ஆசான் பார்க்க வந்தார். நேந்திரம்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "மழைகிட்ட செயிச்சியா?"

உங்களுக்குத் தொண்டை வலிப்பதும் ஏறக்குறைய இதனால்தான் என்று நினைக்கிறேன். வாரம் முழுக்கப் பெருமூச்சு, ஒருநாள் மட்டும் கத்தல். நடுவில் ஒரு குரல் இருக்கிறது, அதை நீங்கள் பழகவே இல்லை. கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இயர்போனைக் கழற்றுங்கள். காதை அடைத்துக்கொண்டால் சொந்தக் குரல் எலும்பு வழியாகத் தலைக்குள் முழங்கும். சின்னக் குரலே பெரிதாகத் தோன்றும். அறைக்கு என்ன கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. செல்போனை அறையின் அந்தக் கோடியில் வைத்து, தம்புராவை மெல்லப் போடுங்கள். பாடும்போதும் அது கூடவே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்காமல் போனால் நீங்கள் மீறிவிட்டீர்கள். ஒரு மூச்சில் எட்டு எண்ணிக்கை நிற்கவில்லை என்றால் ஒளித்துப் பாடுகிறீர்கள்.

நாளைக்கே மாடி ஏறிப் போய், "அக்கா, காலையில ஆறு மணிக்கு அரை மணிக்கூர் பாடிக்கிடட்டுமா" என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். எனக்கென்னவோ, அந்த அம்மா இத்தனை நாளும் படிக்கட்டில் பாதி இறங்கி வந்து நின்று, என்ன ராகம் என்றே பிடிபடாமல் திரும்பிப் போயிருப்பார் என்று தோன்றுகிறது.