லார்வா என்னும் முகமூடி

அன்புள்ள ஐயா,

நான் திருக்கோவில் ஊரில் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். நுளம்பின் (கொசுவின்) வாழ்க்கை வட்டத்தைப் படிப்பிக்கையில், முட்டையிலிருந்து வரும் புழுப் பருவத்தைக் குடம்பி என்று சொன்னேன். சக ஆசிரியர் ஒருவர், லார்வா என்பதே சர்வதேசச் சொல், குடம்பி நாட்டுப்புறச் சொல் என்றார். பிள்ளைகளோ லார்வா என்றால் என்ன கருத்து என்று கேட்கிறார்கள். விடைத்தாளில் எதை எழுதச் சொல்வது? நல்ல கலைச்சொல் அகராதி ஏதேனும் உண்டா?

வாசகி, திருக்கோவில்

அன்பு மகள்,

அகராதியைப் பிறகு பார்ப்போம். உங்கள் பிள்ளைகளின் கேள்வி உங்களுடையதைவிட நல்லது. அதை நடுவில் ஒளித்துவிட்டுப் புள்ளியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களே!

அமைதியற்று அலையும் இறந்தோரின் ஆவியை ரோமர்கள் லார்வா என்றார்கள்; அச்சமூட்டும் முகமூடிக்கும் அதுவே பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லினேயஸ், வளர்ந்த பூச்சியின் உருவத்தை இந்தப் புழு முகமூடிபோல் மறைத்து நிற்கிறது என்று கருதி, அதன் இளம் பருவத்துக்கு இச்சொல்லை வைத்தார். அடுத்த பருவமாகிய பியூப்பா, சிறுமி அல்லது பொம்மை. இறுதியில் வெளிப்படும் இமேகோ, உருவம். (தேவாங்கையும் அவர் 1758இல் லீமர் என்னும் பேரினத்தில்தான் சேர்த்தார், அதுவும் ரோமரின் ஆவிப் பெயரே. மனிதருக்குப் பேய்களில் தனிப் பிரியம் போலும்.) ஆக, உங்கள் சக ஆசிரியர் சர்வதேசச் சொல் என்று கும்பிடுவது ஒரு பேய்க்கதையை. பொருள் தெரியாத சொல்தான் விஞ்ஞானச் சொல் என்று நினைக்கும் நோய் நம்மை விட்டு எப்போது போகும்?

எனக்கு ஏழு வயதிருக்கும்போது மட்டக்களப்புக் கன்னன்குடாவில் வடமோடி என்னும் வகைக் கூத்துப் பார்க்கப் போயிருந்தோம். நம் கூத்தில் முகத்தில் பூசும் அரிதாரமும் தலையில் முடியும் அகல விரிந்த கரப்புடுப்பும் போதும், முகமூடி வேண்டியதில்லை. விடியப்புறம், ஆடும் களரிக்குப் பின்னால் போனேன். துரியோதனனாக ஆடிய என் மாமா, தேங்காயெண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விம்மி அழுதேன். இரவெல்லாம் கண்டு நடுங்கிய அரசன் போய், நாளும் வயலுக்குப் போகும் மாமா அங்கே உட்கார்ந்திருந்தார். வேஷம் எது, ஆள் எது என்பதில் எனக்கும் பெரியவர்களுக்கும் அன்று உடன்பாடு இல்லை.

லினேயஸோடும் எனக்கு அதே வழக்குத்தான். பறக்கும் நுளம்பே மெய், நீரில் நெளிவது வேஷம் என்று யார் தீர்ப்பளித்தது? நான்கு முறை தோல் கழற்றி, தின்று, வளர்வதெல்லாம் அந்தப் புழுதான். சிறகு முளைத்தபின் நுளம்பு வளர்வதே இல்லை. வளரும் காலம் முழுவதையும் முகமூடி என்று சொல்வது, பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து நீ இன்னும் மனிதனாகவில்லை என்று சொல்வதைப் போன்றது. குடம்பியில் அந்த அவமதிப்பு இல்லை. அச்சொல்லில் என் காதுக்குத் திருக்குறளின் 338ஆம் குறளில் வரும் குடம்பை கேட்கிறது: பறவை பறந்துபோகத் தனித்துக் கிடப்பது. பரிமேலழகர் அதை முட்டை என்கிறார். கூடு என்று கொள்வாரும் உண்டு. விட்டுப்போகப்பட்ட ஒன்றின் பெயர், புழுவைவிடப் புழு உரித்த தோலுக்கே பொருந்தும் என்று நீங்கள் மடக்கினால் ஒத்துக்கொள்வேன். ஆயினும் அதில் ஏமாற்று இல்லை, வேஷம் இல்லை.

பிள்ளைகள் குடம்பி என்றே எழுதட்டும். லார்வா என்று எழுதிய பிள்ளையின் புள்ளியை வெட்டினீர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும். கரப்பானின் இளம் பருவத்துக்கு, நிம்ஃப் என்னும் தெய்வப்பெண்ணின் பெயருக்கு ஈடாக, நம் நூல்கள் அணங்கு என்று எழுதுகின்றன. அதுவும் நாட்டுப்புறச் சொல்தானா என்று அந்த ஆசிரியரிடம் கேட்டு எழுதுங்கள்.