சாப்பாடா, சண்டையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பவளப்பாறைகள் பற்றிய கட்டுரையில் கடல் சாமந்திக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அதற்குத்தான் ரத்தமே கிடையாதே? உண்பதும் கழிவதும் ஒரே வாய் வழியாக, சுற்றிலும் பாக்டீரியா நிறைந்த தண்ணீர். எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அதன் செல் ஒரு பாக்டீரியாவை விழுங்கினால் அது சாப்பாடா, சண்டையா? ஒருமுறை வந்த கிருமியை நம் உடலைப் போல அதுவும் நினைவில் வைத்திருக்குமா?

– ச.

அன்புள்ள ச.,

ரத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். கடல் சாமந்தி பெயரில்தான் பூ, உண்மையில் அது பவளங்களின் உறவுக்கார விலங்கு. அதன் உடல் என்பது இரண்டே செல் அடுக்குகள், நடுவில் கூழ் போன்ற ஒரு படலம். எந்தச் செல்லும் தண்ணீரிலிருந்து தூரத்தில் இல்லை. அதனால் காவல் செல்களைச் சுமந்து போக ரத்தம் தேவைப்படவில்லை.

சாப்பாடா சண்டையா என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. 1882-இல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துப் பார்த்தார் ரஷ்ய விலங்கியலாளர் மெட்ச்னிகாஃப். நகரும் செல்கள் வந்து முள்ளைச் சூழ்ந்துகொண்டன. ஆதி விலங்குகளில் இரையை விழுங்கிச் செரித்த செல்களே பின்னாளில் காவலுக்கும் வந்தன என்று அவர் வாதாடினார், 1908-இல் நோபல் பரிசும் பெற்றார். கடல் சாமந்தியில் இந்த இரண்டு வேலையும் இன்னும் பக்கத்துப் பக்கத்திலேயே நடக்கின்றன, அதன் வயிற்றுச் சுவர் செல்கள் உணவுத் துணுக்குகளை விழுங்கித்தான் செரிக்கின்றன.

அப்படியானால் காவல் செல்லை எப்படிப் பிரித்தறிவது? நெமடோஸ்டெல்லா என்ற சிறிய கடல் சாமந்தியை வைத்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதன் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒளிரும் சாயம் ஏற்றிய பாக்டீரியா, பூஞ்சைத் துணுக்கு, நுண்மணிகள் எல்லாவற்றையும் அவற்றோடு கலந்து விட்டார்கள். தனிக் கூட்டமாகச் சில செல்கள் விழுங்கின, அதுவும் சத்தே இல்லாத மணிகளையும், சேதமடைந்த தன் உடலின் செல்களையும் சேர்த்து. விழுங்கியது உள்ளே அமிலம் நிறைந்த ஒரு பையில் போய்ச் சிதைகிறது. செல்லின் உள்சட்டமான ஆக்டின் இழைகள் அசையாதபடி மருந்து கொடுத்தால் துகள்களை விழுங்குவது தடைபடுகிறது, ஆனால் திரவத்தை உறிஞ்சுவது மட்டும் வழக்கம்போல நடக்கிறது. விழுங்குவதும் குடிப்பதும் வேறு வேறு வேலை என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குப்பை கூட்டுவது, கிருமி பிடிப்பது இரண்டையும் ஒரே செல் செய்கிறது, நம் உடலில் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் செய்கிற மாதிரியே. ஆகவே உங்களுக்கு என் பதில்: சண்டைதான், ஆனால் சாப்பிடும் கருவிகளைக் கொண்டே.

எதிரியை அடையாளம் காண்பதும் நமக்குப் பழக்கமான முறைதான். கிருமியின் அடையாளங்களைப் பிடித்து உணரும் டோல் வகை ஏற்பிகள் என்ற புரதங்கள் மனிதருக்குப் பத்து உண்டு, நெமடோஸ்டெல்லாவுக்கு ஒன்றே ஒன்று. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதமான பிளாஜெல்லினை அந்த ஒன்று பிடித்துக்கொள்கிறது, என்எஃப்-கப்பாபி என்ற அபாயச் சமிக்ஞை உள்ளே கிளம்புகிறது. 2017-இல் இதைக் காட்டியவர்கள், அந்த ஏற்பி சில கொட்டும் செல்களில் இருப்பதையும் கண்டார்கள். நம் முன்னோரும் கடல் சாமந்தியின் முன்னோரும் பிரிந்து 60 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நினைவு? நம் உடல் கிருமிக்கேற்பத் தயாரிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் அதற்குக் கிடையாது, ஆனாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. 2015-இல் எக்ஸைப்டேசியா என்ற இன்னொரு கடல் சாமந்திக்கு விப்ரியோ கொரலிலிட்டிகஸ் பாக்டீரியாவை முதலில் சாகாத அளவில் காட்டிவிட்டு, பிறகு கொல்லும் அளவில் கொடுத்தார்கள். இடைவெளி இரண்டு வாரம் என்றால், முன்பின் அந்தக் கிருமியைச் சந்திக்காதவற்றைவிட 7 மடங்கு பிழைத்தன, நான்கு வாரத்தில் 5 மடங்கு, ஆறு வாரத்தில் ஒரு பலனும் இல்லை. இதைத் தடுப்பூசி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிருமித் தொல்லை ஆண்டின் ஒரு குறுகிய பருவத்தில் மட்டும் வருகிற இடத்தில், அந்தப் பருவத்தைக் கடக்க ஒரு மாத நினைவே போதுமானதாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.