சந்தையில் வாங்கிய பெர்ஜேர்: முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். சாந்துவான் பழம்பொருள் சந்தையில் ஒரு பழைய கை நாற்காலி வாங்கினோம். வளைந்த கால்கள், முன்சட்டத்தில் செதுக்கிய இரண்டு பூக்கள், துணியால் மூடிய பக்கங்கள், தனியாக எடுக்கக்கூடிய மெத்தை. விற்றவர் ‘லூயி கேன்ஸ்’ (15ஆம் லூயி) என்றார். உட்கார்ந்தால் பள்ளத்தில் இறங்குவது போல இருக்கிறது. அடியில் சணல் பட்டை தொங்குகிறது, அதன் மேல் ஸ்பிரிங் தெரிகிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஃபோம் போட்டுவிடலாம் என்கிறார் என் மைத்துனர். இது உண்மையிலேயே 18ஆம் நூற்றாண்டு நாற்காலிதானா? ஃபோம் போடலாமா?

பதில்: ஃபோம் வேண்டாம். அதற்கு முன்னால், எதையும் பிடுங்கவே வேண்டாம். பழைய ஆணித் துளையும் துணியும்தான் நாற்காலியின் வயதுக்குச் சாட்சி. அவசரத்தில் முதலில் அழிவதும் அவைதான்.

உங்களிடம் இருப்பது பெர்ஜேர். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே திறந்திருந்தால் அது ஃபோத்தேய். அந்த இடத்தைத் துணி வைத்து மூடி, இருக்கையை அகலமாக்கி, மேலே தனி மெத்தை வைத்தால் பெர்ஜேர். இந்த வடிவம் 1725ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவானது. அதற்கு முன், 14ஆம் லூயி காலத்து நாற்காலிகள் விறைப்பானவை: உயர்ந்த நேர் முதுகு, கால்களைப் பிணைக்கும் குறுக்குச் சட்டம். 1715இல் அவர் இறந்ததும் அரசவை வெர்சாயை விட்டுப் பாரிஸுக்கு வந்தது. பெரிய மண்டபங்கள் போய்ச் சிறிய அறைகளும் நெடுநேரப் பேச்சும் வந்தன. நாற்காலியும் அதற்கேற்ப இளகியது. குறுக்குச் சட்டம் மறைந்தது, கால் வளைந்தது. கைப்பிடியைத் தாங்கும் கட்டை முன்காலுக்கு நேர் மேலே நிற்காமல் பின்னால் நகர்ந்தது. பெண்களின் அகன்ற வளையப் பாவாடைக்கு இடம் விடத்தான் இந்த மாற்றம் என்பது வழக்கமான விளக்கம்.

முதுகையும் கவனியுங்கள். தட்டையாக இருந்தால் ‘ஆ லா ரேன்’. சுவரை ஒட்டி நிற்பதற்கானது. உட்குழிந்து முதுகை அணைத்தால் ‘கப்ரியொலே’; பேசுபவர்களின் அருகே இழுத்துப் போட்டுக்கொள்ளும் வகை. 16ஆம் லூயி காலத்தில் கால்கள் நேராகி, கீழ்நோக்கிக் குறுகி, நெடுக வரிப்பள்ளம் பெற்றன. காலும் சட்டமும் சேரும் இடத்தில் பூ செதுக்கிய ஒரு சதுரக் கட்டை வந்தது. உங்கள் நாற்காலியின் வளைந்த கால் 15ஆம் லூயி பாணிதான். விற்றவர் அந்த அளவில் பொய் சொல்லவில்லை.

ஆனால் ‘எபோக்’ வேறு, ‘ஸ்தில்’ வேறு. முதலாவது அந்தக் காலத்திலேயே செய்தது. இரண்டாவது அந்தப் பாணியில் பின்னர் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிஸ் பட்டறைகள் 15ஆம் லூயி பாணியில் ஏராளமாகச் செய்து தள்ளின. 1981 மார்ச் 3ஆம் நாளிட்ட பிரெஞ்சு ஆணைப்படி, நீங்கள் கேட்டால் விற்றவர் பொருளின் விவரம் எழுதிய ரசீது தர வேண்டும். அதில் ‘எபோக் லூயி கேன்ஸ்’ என்று எழுதினால் காலத்துக்கு அவரே பொறுப்பு. ‘ஸ்தில் லூயி கேன்ஸ்’ என்றால் காலத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வாயால் சொன்ன ‘லூயி கேன்ஸ்’ இரண்டுக்கும் நடுவே நழுவிவிடும். இந்த வாரமே போய் எழுதி வாங்குங்கள்.

பிறகு மெத்தையை எடுத்துவிட்டு நாற்காலியைக் கவிழ்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் செய்த சட்டத்தில் கழுந்து, அதாவது கட்டை முனையில் செதுக்கிய நாக்கு, துளைக்குள் புகுந்து, குறுக்கே அடித்த மரமுளையால் இறுகியிருக்கும். முளையின் தலை சரியான வட்டமாக இருக்காது. மரம் காலப்போக்கில் சுருங்குவதால் முளை லேசாகத் துருத்திக்கொண்டும் நிற்கும். உருளைக் குச்சிகளால் இணைத்த மூட்டும், ஒரே வில்லாக ஓடும் வட்ட ரம்பத்தின் தடமும் இயந்திரக் காலத்தைக் காட்டும்.

ஸ்பிரிங் பற்றி. 18ஆம் நூற்றாண்டு இருக்கையில் ஸ்பிரிங் கிடையாது. சணல் பட்டையைச் சட்டத்தின் மேற்புறம் இழுத்து அடித்து, அதன் மேல் குதிரைமுடி நிரப்பினார்கள். ஸ்பிரிங் நாற்காலிக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு உயரம் தேவை என்பதால் பட்டை சட்டத்தின் அடிப்புறத்துக்கு இறங்கியது. உங்களுடையது அப்படித்தான் இருக்கிறது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் முடியாது, ஏனென்றால் உண்மையான பழைய நாற்காலிகள் பலவற்றுக்கும் பின்னர் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். சட்டத்தின் மேற்புறத்தில், இப்போதைய துணிக்குக் கீழே, பட்டை அடித்த பழைய ஆணித் துளைகள் வரிசையாக இருந்தால் நாற்காலி ஸ்பிரிங்கை விட மூத்தது. அந்தப் பட்டைத் துளைகள் இல்லையென்றால் பிறக்கும்போதே ஸ்பிரிங்கோடு பிறந்தது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

முத்திரை இருக்கிறதா என்றும் தேடுங்கள். பாரிஸ் மரத்தச்சர் சங்கத்தின் 1743ஆம் ஆண்டு விதிகள் செய்தவர் பெயரை மரத்தில் பதிக்கக் கட்டாயப்படுத்தின. 1791இல் சங்கங்களே ஒழிக்கப்பட்டன. முத்திரை பெரும்பாலும் இருக்கைச் சட்டத்தின் உட்புறத்திலோ அடியிலோ இருக்கும். அரச பணியாளர்களும் ஃபோபூர் சாந்தந்துவான் போன்ற சலுகைப் பகுதிகளில் வேலை செய்தவர்களும் இதற்குக் கட்டுப்படவில்லை, ஆகவே முத்திரை இல்லாததால் போலி என்று ஆகாது. இருப்பதால் அசல் என்றும் ஆகாது. வெர்சாய் அரண்மனையே 18ஆம் நூற்றாண்டு என்று நம்பிப் போலி நாற்காலிகளை வாங்கியிருந்தது 2016இல் அம்பலமானது.

மேலே சொன்ன மூன்றில் ஒன்றாவது, அதாவது மேற்புறத் துளையோ முத்திரையோ கை முளையோ தென்பட்டால், கை வைக்காமல் நிபுணரிடம் காட்டுங்கள். எதுவும் இல்லையென்றால் துணிந்து வேலையைத் தொடங்கலாம். நூறு வயது பீச் மரச் சட்டம் என்பதே சின்ன விஷயமில்லை.

ஃபோமை ஏன் மறுக்கிறேன்? பாலியூரிதேன் ஃபோம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காற்றாலும் வெளிச்சத்தாலும் உதிர்ந்து மாவாகும். குதிரைமுடியை வெளியே எடுத்துச் சிக்கெடுத்துப் பஞ்சு போலப் பிரித்தால் மறுபடி பயன்படுத்தலாம்; அதை எறிந்துவிடாதீர்கள். இன்னொன்று, வெட்டிய ஃபோம் சட்டத்தின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும். செதுக்கிய பூ பாதி மறையும், இருக்கை உயர்ந்து கைப்பிடி தாழ்ந்துபோகும். உட்கார்ந்த நிலையில் இருக்கை தரையிலிருந்து 40 முதல் 43 செ.மீ. இருந்தால் இந்த நாற்காலி சுகமாக இருக்கும்.

பள்ளம் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங் அல்ல, தொய்ந்த பட்டைதான். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுங்கள். பழைய துணியைக் கிழிக்காமல் கழற்றினால் அதுவே வெட்டளவு. ஆணியை எடுக்கும் உளியை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தட்டுங்கள், குறுக்கே தட்டினால் சட்டம் சிராயோடு பெயரும். முகமூடி அணியுங்கள், பழைய தூசி நுரையீரலுக்கு ஆகாது. சட்டம் வெறுமையானதும் மூட்டுகளை அசைத்துப் பாருங்கள். ஆடினால் சுடவைத்த தோல் பசையால் ஒட்டுங்கள். சூடும் ஈரமும் பட்டால் அது விடும், அடுத்து வருபவர் பிரிக்க முடியும். வெள்ளைப் பசை அந்த வழியை அடைத்துவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகளும் வெளிறிய புதுத் தூளும் கண்டால் மரத்தில் பூச்சி உயிரோடு இருக்கிறது. பட்டை அடிப்பதற்கு முன்பே மருந்து ஏற்றிவிட வேண்டும்.

பட்டையை முன்பின்னாக நான்கைந்து, குறுக்கே நான்கைந்து, பாய் முடைவது போல மேலும் கீழுமாகக் கோத்து அடியுங்கள். முன்கூட்டியே துண்டு போடக் கூடாது. ஒரு முனையில் ஆணியடித்து, மடித்து மறுபடி அடித்து, இழுவைக் கட்டையால் இறுக்கி எதிர்ச் சட்டத்தில் அடித்த பிறகே வெட்ட வேண்டும். தட்டினால் பறை போல ஒலிக்க வேண்டும். பிறகு ஸ்பிரிங்கைப் பட்டையோடு தைத்து, நான்கைந்து செ.மீ. அமுங்கும்படி கயிற்றால் எல்லாத் திசையிலும் கட்டுங்கள். சாயவிட்டால் ஒரே மாதத்தில் துணியைக் குத்தும். அதன் மேல் சாக்குத்துணி, பிறகு நிரப்பு. முதல் அடுக்குக்குத் தென்னை நாரே போதும், பிரெஞ்சுக் கைவினைஞர்களும் பயன்படுத்துவதுதான். மேலடுக்குக்குக் குதிரைமுடி. முன்விளிம்பை நூலால் இறுக்கித் தைத்துத் திண்டாக்கும் வேலையை மட்டும் ஒரு தப்பிசியேயிடம் (இருக்கைகளுக்கு மெத்தை, துணி போடும் கைவினைஞர்) கொடுங்கள். பழகாத கையில் அது கோணும், கோணினால் மேல்துணி கடைசிவரை நேராக நிற்காது.

துணிக்கு 140 செ.மீ. அகலத்தில் சுமார் 3 மீட்டர் கணக்கிடுங்கள். பெரிய பூப்போட்டது என்றால் பூவை நடுவே நிறுத்த இன்னும் கூடும். தேய்மானச் சோதனையில் துணி தாங்கும் அளவு 20,000 சுற்றுக்கு மேல் இருக்கட்டும். வெல்வெட்டுக்குப் பதில் அச்சிட்ட கனத்த பருத்தியைப் பரிந்துரைக்கிறேன். சோழமண்டலக் கரை உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்து போன வண்ணப் பருத்தி அங்கே அத்தனை விரும்பப்பட்டதால், உள்ளூர் நெசவைக் காக்க பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதற்குத் தடையே போட்டிருந்தது. தடை நீங்கிய மறு ஆண்டில் ஓபர்காம்ஃப் ஜூய் ஊரில் அச்சுப் பட்டறை தொடங்கினார். உங்கள் பெர்ஜேர் மேல் அந்த வகைத் துணி அந்நியமாகத் தெரியாது.

மெத்தைக்கு வாத்து இறகு போடுங்கள். உள்ளுறையை அறை அறையாகப் பிரித்துத் தையுங்கள், இல்லாவிட்டால் இறகெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். மேலுறையை விட உள்ளுறை சுற்றிலும் 2 செ.மீ. பெரிதாக இருந்தால் மூலைகள் காலியாகத் தொங்காது.