காலநிலைப் படிப்பில் சேரும் முன் பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் எங்கள் ஊர். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, காலநிலை மாற்றம் பற்றித்தான் படிப்பேன் என்று என் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். வெளியூர்த் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ‘காலநிலை மாற்றமும் நிலைத்தன்மையும்’ (சஸ்டெயினபிலிட்டி) என்று ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு இருக்கிறதாம். அறிவியல், பொருளாதாரம், சட்டம் எல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள், முடித்ததும் ஐ.நா.வில் வேலை என்கிறார் அட்மிஷன் ஏஜென்ட். 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டோம். சேர்க்கலாமா?

பதில்: மகளின் ஆசையில் தப்பே இல்லை அம்மா. அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மழையை முன்கூட்டிச் சொல்ல வானிலையியல் வேண்டும். எந்தக் கண்மாய் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட நீரியல் வேண்டும். ஓடைப் புறம்போக்கில் கட்டடம் வந்ததைக் கேட்கச் சட்டம், அழுகிப்போன வாழைக்கு ஈடு சொல்ல வேளாண்மையும் பொருளாதாரமும், பின்னாலேயே வரும் காய்ச்சலுக்குப் பொதுச் சுகாதாரம். ஒரே துறைக்காரர் இத்தனையையும் பார்த்துவிட முடியாது. பல துறை சேர்ந்த படிப்பு தேவைதான். ஆனால் 17 வயதில், முதல் பட்டமாக அதை எடுக்க வேண்டாம்.

காரணம் பாடத்திட்டத்தில் இல்லை, வேலைக்கான அறிவிக்கையில் இருக்கிறது. இந்திய வனப்பணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். காடும் காலநிலையும் பிரியாதவை. ஆனால் அந்தத் தேர்வு எழுத, பட்டப்படிப்பில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், ஜியாலஜி, கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். ‘நிலைத்தன்மை’ அந்தப் பட்டியலில் கிடையாது. வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு அறிவியல் பட்டத்தோடு போகிறவருக்கு இயற்பியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். புயல் பற்றி ஐந்து வருடம் படித்தவரும் இயற்பியல் இல்லையென்றால் வெளியேதான்.

தமிழ்நாட்டு அரசுப் பணி இன்னும் சிக்கல். அறிவிக்கையில் ஒரு பட்டத்தின் பெயர் இருந்து, உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் சமம் என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். அதற்குப் பல்கலைக்கழகம் விண்ணப்பித்து, உயர்கல்வி மன்றத்தின் குழு பார்த்து, அப்புறம் ஆணை வர வேண்டும். அதற்குள் தேர்வு முடிந்து, பணி நியமனமும் முடிந்து, அடுத்த அறிவிக்கையே வந்துவிடும். மேடைக்கு மேடை ‘பல்துறைக் கல்வி’ என்று முழங்குகிறவர்கள், ஆள் எடுக்கும்போது மட்டும் சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவு போட்டது. அது இன்று பல கல்லூரிகளில் யாருக்கு வகுப்பு குறைவோ அவர் தலையில் கட்டும் பேப்பராக, கைடு வாங்கிப் பாஸ் பண்ணும் பேப்பராக நிற்கிறது. அப்படிப்பட்ட அமைப்பை நம்பித்தான் பெண்ணை அனுப்பப் போகிறீர்கள், ஞாபகம் இருக்கட்டும்.

தனியார் நிறுவனங்கள் இவ்வளவு கறார் இல்லை. பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022–23 முதல் கட்டாயமாக்கியதால் அங்கே ஆள் தேவை இருக்கிறது. அங்கும் கேட்பது, கணக்கு வருமா, தரவைக் கையாளத் தெரியுமா என்பதுதான்.

சரி, என்ன செய்யலாம்? இயற்பியல், வேதியியல், தாவரவியல், புள்ளியியல் என்று பழைய பெயருள்ள பட்டம் ஒன்றை நல்ல அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ படிக்கட்டும். கூடவே என்.பி.டி.இ.எல். தளத்தில் காலநிலை, நீர்வளம், பொருளாதாரம் என்று ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களைச் செலவில்லாமல் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம். இதே விஷயத்துக்கு ‘கார்பன் நிபுணர்’ என்று வாரக்கடைசிச் சான்றிதழை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள், ஏமாற வேண்டாம். வரைபட மென்பொருள் க்யூஜிஐஎஸ் இலவசம், அதையும் பழகட்டும்.

பல துறையும் கலப்பது முதுகலையில். டெல்லி டெரி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் காலநிலை அறிவியலும் கொள்கையும், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம், நிலைத்தன்மை என்று முதுகலைப் படிப்புகள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இளைஞர்களை உதவித்தொகையோடு காலநிலைப் பணியில் சேர்த்த முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் (ஃபெலோஷிப்) அதோடு சேர்ந்துதான் நடந்தது. கையில் பழைய பட்டம் இருந்தால், மேலே எந்தப் பெயரில் படித்தாலும் பயமில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் மகள் உயிரியல் பிரிவு என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பி.எஸ்சி. வேளாண்மை. நான்கு ஆண்டுப் படிப்பு. மண்ணியல், வேளாண் வானிலை, பொருளாதாரம், பூச்சியியல், கிராமத்தில் தங்கிப் பழகும் பயிற்சி எல்லாம் அதற்குள் இருக்கிறது. காலநிலை மாற்றம் முதலில் அடிப்பது வயலைத்தான். முதல் பட்டத்திலேயே பல துறையும் கிடைக்கும், பெயரும் பழையது, வனப்பணித் தேர்வும் எழுதலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலையியலில் முதுகலையும் போகலாம். ஆனால் ‘வேளாண்மை’ என்று போர்டு மாட்டிய எல்லாமே ஒன்றல்ல. கோவைப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரியா, அதன் இணைப்புக் கல்லூரியா, தனியார் பல்கலைக்கழகமா என்று பாருங்கள். கடைசி வகை என்றால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று கடிதத்தையே வாங்கிப் படியுங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்த ஏஜென்ட். ஐ.நா. எந்த ஏஜென்ட் மூலமும் ஆள் எடுப்பதில்லை. அதன் தலைமைச் செயலகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால்கூடச் சம்பளம் கிடையாது. அவருக்கு ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன், அவ்வளவுதான் அவர் காலநிலை அக்கறை. நாளைக்கு இவரே லண்டனில் ஒரு வருட முதுகலை என்று வருவார். கமிஷன் தராத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களையும், செலவை ஏற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையையும் மட்டும் சொல்லவே மாட்டார்.

முன்பணத்துக்கு வருகிறேன். ரசீதை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தால், விலகுவதாக இன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கத் தொகை குறையும். அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ரசீது ஏஜென்ட் பெயரில் இருந்தாலோ, ரசீதே இல்லாவிட்டாலோ அந்த விதி உதவாது. அப்போது பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அவர் கையில் இருந்தால் முதலில் அவற்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வேளாண் கலந்தாய்வுக்கு அவை வேண்டும்.