மன்றோவின் தொங்கும் கால்

அன்புள்ள ஐயா,

மகளின் நேர்முகத் தேர்வுக்காகப் போன வாரம் ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். அவளை உள்ளே அனுப்பிவிட்டு மூன்று மணி நேரம் எனக்கு வேலையில்லை. தீவுத்திடல் பக்கம், வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை கவர்னர் மன்றோ குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையைப் பார்க்கப் போனேன். சாலையைக் கடப்பதற்குள் உயிர் போய் வந்தது. ஆட்டோக்காரர், "கால் வைக்கிற வளையத்தை மறந்துட்டான் சார். யாரோ கேட்டதும் செஞ்சவன் அவமானத்துல தற்கொலை பண்ணிக்கிட்டான்" என்றார். உண்மையா? நம்மை ஆண்டவன் சிலை இன்னும் நடுச்சாலையில் ஏன் நிற்கிறது என்றும் தோன்றியது.

ர., அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள ர.,

இந்தக் கதையைச் சின்ன வயதில் என் தாய்மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் சிற்பி கடலில் குதித்தார். சென்னையில் கடல் இருப்பதால் குதிக்க வைத்திருப்பார்.

சிலையைச் செய்த பிரான்சிஸ் சாண்ட்ரி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சிலை கப்பலில் வந்து 1839-ல் இங்கே நிறுத்தப்பட்டது. 1841-ல் அவர் லண்டனில் இதய நோயால் இறந்தார். லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரைக் குதிரை மேல் உட்கார வைத்தவரும் அவர்தான். அங்கேயும் சேணம் இல்லை, அங்கவடி (கால் வைக்கிற வளையம்) இல்லை. ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் நிற்கும் வெலிங்டன் பிரபு சிலையை அவர் தொடங்கி வைத்தார், முடித்தது வேறொருவர். அதிலும் இல்லை. ஒரு ஆள் ஒரு தடவை மறக்கலாம். பழைய ரோமாபுரியில் அங்கவடியே கிடையாது, பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தன் குதிரைச் சிலையில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாணியில் செய்தால்தான் கம்பீரம் என்பது அந்தக் காலத்துச் சிற்பிகளின் எண்ணம்.

இன்னொரு முறை போனால் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். குதிரை நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது. மேலே இருப்பவரின் பாதமோ எதிலும் ஊன்றாமல் தொங்குகிறது. உண்மையில் இப்படித் தொங்கவிட்டபடி அவர் நம் பக்கத்து மேட்டிலும் பள்ளத்திலும் சுற்றியிருந்தால் ஒரு வாரத்தில் இடுப்பு போயிருக்கும்.

சுற்றியது நம் பக்கத்தில்தான். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் (தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் கேப்டன் ரீடு தலைமையில் அனுப்பப்பட்ட உதவியாளர்களில் மன்றோ ஒருவர். 1799 வரை இங்கேதான் இருந்தார். தர்மபுரியில் வீடு, தோட்டம் என்று காலூன்றிவிட்டவருக்கு அதை விட்டுப் போக மனமில்லை. (தர்மபுரி 1965 வரை சேலம் ஜில்லாதான்.) ஊர் மொத்தத்துக்கும் ஒருவரிடம் பேசி முடிக்காமல், ஒவ்வொரு வயலையும் அளந்து, உழுகிறவன் பெயரிலேயே தீர்வை (நிலவரி) போடுவது என்ற ரயத்துவாரி முறை இங்கே உருவானது. தொடங்கியவர் ரீடு, பெயர் மன்றோவுக்குப் போயிற்று. அவர்கள் போனபின் கும்பினி புத்தி மாறி, நிலத்தை மிட்டா மிட்டாவாக (சிறு ஜமீன் போல) பிரித்து ஏலம் விட்டது. பணம் கட்ட முடியாமல் மிட்டாதார்கள் பலர் நொடித்துப்போனார்கள். கடைசியில் ரயத்துவாரிக்கே திரும்ப வேண்டியிருந்தது.

போன மாதம் எங்கள் புஞ்சைக்கு அ-பதிவேடு (அரசின் நில விவரப் பதிவேடு) நகல் எடுத்தேன். சர்வே எண்ணுக்குக் கீழே 'அரசு / ரயத்துவாரி' என்று ஒரு கட்டம். அதில் 'ரயத்துவாரி' என்று இருந்தது. அதற்குக் கீழே மண் வயனமும் ரகமும், மண் தரம், தீர்வை. பிற்பாடு நடந்த அளவையின் கணக்கு அது, ஆனால் சொல் அவர்கள் காலத்துச் சொல். கம்ப்யூட்டர் சென்டர் பையன் "இது என்ன சார் வார்த்தை?" என்று கேட்டான். நான் சொல்ல ஆரம்பித்ததும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டான்.

உங்கள் இரண்டாம் கேள்வி. மன்றோ புண்ணியவான் என்று நான் சொல்லவில்லை. கும்பினிக்குப் பணம் திரட்டுவதுதான் அவர் உத்தியோகம், போட்ட தீர்வையும் கனமானதுதான். அது கனம் என்று அவருக்கே தெரிந்து, கடப்பை, பல்லாரி சீமைகளில் கால்வாசி குறைக்கச் சொல்லி 1807-ல் எழுதினார். மேலிடம் அப்போது கேட்கவில்லை. கவர்னராகி, பதவியில் இருக்கும்போதே 1827-ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

மன்றோ நிற்கும் அதே மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) கர்னல் நீல் சிலையும் இருந்தது. 1857-ல் வட இந்தியாவில் கொத்துக் கொத்தாகத் தூக்கிலிட்டவர். 1927-ல் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை எடுத்தது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த அதே ராஜாஜிதான். மன்றோவை அவர் தொடவில்லை. வெள்ளைக்காரன் எல்லாம் ஒன்று என்று அந்தத் தலைமுறை நினைக்கவில்லை என்றே படுகிறது, எனக்கும் அதுதான் சரி. எடுக்கத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் சண்டைக்கு வரமாட்டேன்.

சாலையை மட்டும் இனிமேல் கடக்காதீர்கள். எதிர் நடைபாதையிலிருந்தே கால் நன்றாகத் தெரியும். மகளின் தேர்வு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.