எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது, செல்லில் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய நாள் முதலே இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், ஆன்டி ஆக்ஸிடன்ட் செல்லின் கொழுப்பைக் காக்கிறது என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எதிலிருந்து காக்கிறது? எப்படி? – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

நல்ல கேள்வி அம்மா, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திறந்து வைத்த கடலை எண்ணெயில் சில வாரங்களில் சிக்கு வாடை வருகிறதல்லவா? அதே வேதிவினை நம் செல் சவ்விலும் நடக்கக்கூடியதுதான். சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. அந்தக் கொழுப்பின் நீண்ட வால்களில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஹைட்ரஜன் மிகத் தளர்வாக ஒட்டியிருக்கும். ஒரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடியில்லாத தனி எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு, வந்தால் முதலில் பிடுங்குவது அதைத்தான்.

ஹைட்ரஜனை இழந்த வால் உடனே ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு பெராக்சில் ராடிக்கலாக மாறும். அது பக்கத்து வாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். பறிகொடுத்த அந்த வாலும் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு அடுத்ததைப் பிடுங்கும். ஒரு குடிசையில் பிடித்த தீ வரிசையாகத் தெருவுக்கே பரவுகிற கதைதான். முதல் பொறியைவிட, பரவுவதுதான் ஆபத்து. சவ்வு கசியத் தொடங்கும். உடைந்த துண்டுகளில் மலோன்டையால்டிஹைடு போன்றவை புரதத்திலும் டி.என்.ஏ.விலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

வைட்டமின் ஈ என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் அந்த வரிசைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பெராக்சில் ராடிக்கல் பக்கத்து வாலைத் தொடுவதற்கு முன்பே, ஆயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில், தன் ஹைட்ரஜனை அதற்குக் கொடுத்துவிடுகிறது. அப்போது வைட்டமின் ஈயும் ராடிக்கலாகத்தானே மாறும் என்று கேட்பீர்கள். மாறும். ஆனால் அதன் தனி எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவிவிடுவதால், பக்கத்து வாலிலிருந்து பிடுங்கும் வலு அதற்குக் கிடையாது. சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

அப்படியானால் வைட்டமின் ஈ ஒரு தடவையில் தீர்ந்துவிடாதா? – அதே மாணவி

தீராது. சவ்வின் ஓரத்தில், தண்ணீர்ப் பக்கம் நிற்கும் வைட்டமின் சி, அதற்கு ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் வேலைக்கு அனுப்பிவிடுகிறது. ஆயிரம் கொழுப்பு மூலக்கூறுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தும் வைட்டமின் ஈ சமாளிப்பது இதனால்தான்.

குளுட்டாதயோனுக்கு இதில் என்ன பங்கு? – பி.ஃபார்ம். மாணவர்

சங்கிலி அறுந்த பிறகும், பெராக்சில் ராடிக்கல் ஹைட்ரஜனைப் பெற்று ஏற்கெனவே உண்டான கொழுப்புப் பெராக்சைடு சவ்விலேயே கிடக்கும். இரும்பு பட்டால் அது உடைந்து மறுபடி தீ மூட்டும். அதை ஆபத்தில்லாத ஆல்கஹாலாக மாற்றுவது ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி. அதன் மையத்தில் செலீனியம் இருக்கிறது. செல்லே தயாரிக்கும் சிறு மூலக்கூறான குளுட்டாதயோன் அதற்கு எரிபொருள் மாதிரி. இந்த நொதி முடங்கினால் கொழுப்புப் பெராக்சைடு குவிந்தே செல் செத்துப்போகும். அந்தச் சாவுக்கு 2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். தம்பி, அந்தச் சொல்லை வைத்துத் தேடிப் படியுங்கள், இன்று மிகச் சூடான துறை அது.

நெய் உருக்கும்போது அம்மா கடைசியில் முருங்கைக்கீரை போடுவார். வாசனைக்காகவா? – இல்லத்தரசி, ஈரோடு

வாசனைக்கும்தான். கீரை மொறுமொறுவென்று பொரிந்து வந்தால் நெய்யில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் இல்லாத நெய் சீக்கிரம் கெடாது. அதோடு கீரையில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்கள் கொஞ்சம் நெய்யில் இறங்குகின்றன. வைட்டமின் ஈயைப் போலவே ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுப்பவை அவை. நல்லெண்ணெயைப் பாருங்கள். எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் லினோலெயிக் அமிலம் அதில் சுமார் 40 சதவீதம். ஆனாலும் ஊறுகாய் மேல் மாதக்கணக்கில் நிற்கிறது. எள்ளில் உள்ள செசமோலின் சூட்டில் செசமோலாக மாறிக் காவல் நிற்பது ஒரு முக்கியக் காரணம். உங்கள் அம்மா செய்வதை நீங்களும் விடாமல் செய்யுங்கள்.

வைட்டமின் ஈ கேப்ஸ்யூலைக் குத்தி எண்ணெய் பாட்டிலில் ஊற்றினால் சிக்கு வாடை வராதா?

பெரும்பாலான கேப்ஸ்யூலில் இருப்பது டோகோஃபெரில் அசிடேட், அதாவது அசிடேட் ஒட்டிய வைட்டமின் ஈ. ஹைட்ரஜனைக் கொடுக்க வேண்டிய இடத்தையே அசிடேட் மூடியிருக்கும். குடலில் உள்ள நொதி அதை வெட்டிய பிறகுதான் வேலை செய்யும். பாட்டிலுக்குள் அந்த நொதி ஏது? ஊற்றிப் பயனில்லை. அதற்குப் பதில் பாட்டிலை இறுக மூடி இருட்டில் வையுங்கள்.

அப்பா நாற்பது வருடமாகப் புகைக்கிறார். பீட்டா கரோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா ஐயா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பீட்டா கரோட்டினும் கேரட்டில் உள்ள ஓர் ஆன்டி ஆக்ஸிடன்ட்தான், ஆனால் மாத்திரையாக வேண்டாம். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்துப் பார்த்து, 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. புகையும் ஆக்ஸிஜனும் நிறைந்த நுரையீரலில் அந்த மூலக்கூறே உடைந்து தீங்கான துண்டுகளாகிறது என்பது ஒரு விளக்கம். வைட்டமின் ஈயிலும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. செலக்ட் என்ற அமெரிக்க ஆய்வில் தினம் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது 2011-இல் தெரியவந்தது. சவ்வுக்குத் தேவையான அளவு உணவிலேயே கிடைத்துவிடுகிறது. கேரட்டும் கீரையும் அப்பா தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, புகையை விட வைப்பதுதான்.

ஐந்து மாதக் கர்ப்பம். இரும்புச் சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு சாப்பிடச் சொன்னார்கள். இரும்பும் வைட்டமின் சியும் சேர்ந்தால் கொழுப்பைக் கெடுக்கும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது டெஸ்ட் ட்யூபுக்குள் நடப்பது. நானே வருடா வருடம் செய்து காட்டியிருக்கிறேன். கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கி வந்து, ஐஸில் வைத்து அரைத்து, மூன்று ட்யூபில் ஊற்றுவோம். முதலாவது சும்மா. இரண்டாவதில் இரும்பும் வைட்டமின் சியும். மூன்றாவதில் அதே இரண்டும், அவற்றுக்கு முன்பே கொஞ்சம் டோகோஃபெரால், அதாவது அசிடேட் மூடாத வைட்டமின் ஈ. ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வைத்து, தயோபார்பிட்யூரிக் அமிலம் ஊற்றிக் கொதிநீரில் இறக்குவோம். இரண்டாவது ட்யூப் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிடும். மூன்றாவது வெளிறியே இருக்கும். இரும்பை வைட்டமின் சி ஃபெரஸ் நிலைக்குத் திருப்பிக்கொண்டே இருப்பதால், அது பெராக்சைடை உடைத்துக்கொண்டே இருக்கிறது. உடைந்து வரும் மலோன்டையால்டிஹைடு அந்த அமிலத்தோடு சேர்ந்து தருவதுதான் அந்த ரோஸ் நிறம்.

உங்கள் உடம்பில் இரும்பு அப்படி அவிழ்த்துவிட்டுத் திரிவதில்லை அம்மா. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும், செல்லுக்குள் ஃபெரிட்டின் என்ற புரதம் பூட்டி வைத்திருக்கும். எலுமிச்சை செய்வது, குடலில் இரும்பு நன்றாக உறிஞ்சப்பட உதவுவது. ரத்தசோகைதான் உங்களுக்கும் குழந்தைக்கும் உண்மையான ஆபத்து. டாக்டர் சொன்ன அளவை மீறாமல் சாப்பிடுங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ மட்டும் வேண்டாம்.