கார் வந்துவிட்டது, கடன் போய்விட்டதா?

கேள்வி: 2022இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற இலங்கை, 2025இல் மறுபடி கார் இறக்குமதிக்கே கதவைத் திறந்துவிட்டது. நெருக்கடி தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. மூச்சுவிட அவகாசம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் அடங்கியது, 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. இரண்டும் உண்மை. ஆனால் இந்தியா, ஜப்பான், சீனா போன்ற நாடுகளிடம் வாங்கிய கடனின் அசல் தவணை 2028 வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கட்டாமல் இருப்பதால் மிஞ்சும் டாலரைச் சம்பாதித்த டாலராக எண்ணக் கூடாது. இலங்கையின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கும் தனியார் முதலீட்டாளர்களுடன் செய்த ஒப்பந்தத்தில் இன்னொரு கொக்கியும் உண்டு. 2025 முதல் 2027 வரை பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால், அவர்களுக்குக் கூடுதலாகத் தர வேண்டும்.

சரி, இதுவரை மீண்டது யார் செலவில்? எனக்கு ஆறாத கோபம் இதில்தான். 2019 கடைசியில் வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து கஜானாவைக் காலி செய்தது அரசு. அதே வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகி, சமையல் எரிவாயு, டீசல் வரை பாய்ந்தது. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, ஊழியர் சேமலாப நிதியின் (நம்மூர் பி.எஃப். போன்றது) கையில் இருந்த திறைசேரிப் பத்திரங்கள், அதாவது அரசுக் கடன் பத்திரங்கள், நீண்ட தவணைக்கு, குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. வங்கிகளிடம் இருந்த அதே பத்திரங்களை யாரும் தொடவில்லை. வங்கி கவிழ்ந்தால் எல்லாமே கவிழும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் ஆடை ஆலைப் பெண்ணும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தில் கைவைப்பதா? உலக வங்கிக் கணக்குப்படி, 2024இல் மக்களில் நாலில் ஒருவர் வறுமையில் இருந்தார். 2019இல் இருந்ததைப்போல் இது இரண்டு மடங்கு.

டாலர் வரும் வழிகளும் பழையவைதான்: வளைகுடாவில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம், சுற்றுலா, தேயிலை, ஆயத்த ஆடை. ஆடையைப் பெருமளவில் வாங்கும் அமெரிக்கா 2025 ஏப்ரலில் 44 சதவீத வரி என்று அறிவித்ததும் நாடே ஆடிப்போனது. பேசிப் பேசி அது 20 ஆனது.

அப்புறம் 2025 நவம்பரில் டித்வா புயல். 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை மலைச்சரிவுகளில் லயன் அறைகளில் (தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய சிறு குடியிருப்புகளில்) வாழும் மலையகத் தமிழர்களுக்கும் பலத்த அடி. நேரடிச் சேதம் மட்டும் சுமார் 410 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கொடுத்த அவசர நிதி ஏறத்தாழ 20 கோடி டாலர், அதுவும் கடன்தான். பழைய கடன் அட்டவணை இந்தப் புயலுக்கு முன்னால் போட்டது. 2028 தவணைகளைப் பற்றி இலங்கை மறுபடி பேச வேண்டும். கடன் கொடுத்த நாடுகளில் ஒன்றான இந்தியா, அந்தப் பேச்சை முதலில் தொடங்க வேண்டும்.